பதினேழாம் எண் முயல்

அந்த ஆய்வுக்கூடத்தில் அவரை எல்லோரும் நோட்டுக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். கீழ்த்தளத்து விலங்குக் கூடம் அவர் பொறுப்பு. இருபத்தாறு வருஷமாக முயல்களுக்கும் எலிகளுக்கும் தீனி வைத்து, தட்டுக் கழுவி, எது எத்தனை கிராம் கூடியது, எது தும்மியது, எது செத்தது என்று நீளமான ஒரு நோட்டில் எழுதிவந்தார். ஓர் அடித்தல், ஒரு திருத்தல் அதில் கிடையாது. அவர் எழுதிவிட்டால் நடக்காததும் நடந்த மாதிரிதான் என்று மாடியில் இருப்பவர்கள் கேலி செய்வார்கள். அவருக்கு அதில் உள்ளூரப் பெருமை.

காலையில் வந்ததும் ஒரு வேலை உண்டு. ஒவ்வொரு கூண்டிலும் தண்ணீர்ப் புட்டி தலைகீழாகத் தொங்கும். அதன் இரும்பு மூக்கின் நுனியில் ஒரு சின்னக் குண்டு இருக்கும். முயல் நாக்கால் தட்டினால் குண்டு நகர்ந்து தண்ணீர் வரும். நாற்பத்தெட்டுக் கூண்டிலும் அந்த நுனியை அவர் விரலால் தொட்டு, சொட்டு விழுகிறதா என்று பார்ப்பார். "விரல் நனைஞ்சாத்தான் எனக்கு டீ உள்ள இறங்கும்" என்பார்.

மூன்றாம் மாடி ஆராய்ச்சி மாணவி முதன்முதலாகக் கீழே வந்தபோது, கையில் ஐஸ் டப்பாவும் அதற்குள் சுண்டுவிரல் அளவில் ஒரு குழாயும் வைத்திருந்தாள். மற்றவர்கள் ஊசி போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இவள் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். செல் ஒன்று இரண்டாகப் பிரியும் முன் தன் டிஎன்ஏவை இன்னொரு படி எடுத்தாக வேண்டும். அதற்கு வேண்டிய செங்கற்களைச் செய்து தருவது ஒரு நொதி, அதாவது என்சைம். புற்றுநோய்க் கட்டிகளில் அது ஏகமாக இருக்கும். அது எங்கே எவ்வளவு இருக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் முயல்.

"உடம்புக்குள்ள அந்நியமா ஒண்ணு வந்தா ரத்தம் அதை அடையாளம் வெச்சுக்கும்ணா. மறுபடி கண்டா சட்டையைப் பிடிக்கும். அந்தப் பிடிக்கிற கை மட்டும் நமக்கு வேணும். அதுக்குப் பேர்தான் ஆன்டிபாடி."

"அப்போ முயலுக்குப் போலீஸ் வேலைன்னு சொல்லுங்க."

"ஆமா. சம்பளம் கிடையாது, தீனி மட்டும்."

"எனக்கும் கிட்டத்தட்ட அப்படித்தாம்மா."

பதினைந்து, பதினாறு, பதினேழு என்று மூன்று முயல்கள். காதில் எண் பொறித்த தகடு. அந்த நொதியில் மாதம் ஓர் ஊசி. பிறகு காது ரத்தக்குழாயிலிருந்து கொஞ்சம் ரத்தம். ஐந்தாம் மாதம் பதினேழின் ரத்தம் மட்டும் வேலை செய்தது. அவள் மாடியிலிருந்து படம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். வெள்ளைப் பரப்பில் கறுப்பாக ஒரே ஒரு கோடு.

"பாருங்கண்ணா. வேற எதையும் தொடல. அந்த நொதியை மட்டும்தான் பிடிச்சிருக்கு."

அந்தப் படத்தின் பிரதி ஒன்றைப் பதினேழின் கூண்டில் ஒட்டினார். அந்த ரத்தத்தை வைத்து அவள் செய்த ஆராய்ச்சி பத்திரிகையில் வந்தது. கட்டுரையின் கடைசியில், நன்றி சொல்லும் இடத்தில் நோட்டுக்காரரும் இருந்தார். மனைவியிடம் காட்டினார். "என்ன எழுதியிருக்கு?" என்றாள். "முயல் பிடிச்சேன்னு எழுதியிருக்கு" என்றார். அவள் அதை அலமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

அந்த மனைவிதான் ஒரு நாள் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்து, உடனே அறுவை. லீவு சொன்னால் மாற்று ஆள் வருவான். அவன் கையில் கூண்டுகளைக் கொடுக்க நோட்டுக்காரருக்கு மனம் வரவில்லை. முதல் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து பத்து நிமிஷம் ஓடிவந்து, புட்டிகளை நிரப்பி, நோட்டில் 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதிவிட்டுத் திரும்பினார். விரல் எதையும் தொடவில்லை. மறுநாள் வரவே இல்லை. மூன்றாம் நாள் காலை வந்ததும் முதலில் நோட்டைத் திறந்து, நேற்றைய தேதிக்கும் 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதி முடித்தார். அதன் பிறகுதான் கூண்டுகளைப் பார்த்தார்.

அந்த வரிசைக்கு மேலிருந்த மின்விசிறி நின்றுபோயிருந்தது. அறை அடுப்பு மாதிரிக் கொதித்தது. பதினேழு பக்கவாட்டில் நீட்டிப் படுத்திருந்தது, வாய் திறந்தபடி. புட்டி நிறையத் தண்ணீர். நுனியைத் தொட்டார், காய்ந்திருந்தது. நகத்தால் சுண்டினார். சிக்கியிருந்த குண்டு நகர்ந்து, ஒரு சொட்டு அவர் விரலில் விழுந்தது.

ஓய்வு பெற ஒன்றரை வருஷம் இருந்தது. மனைவி இன்னும் எழுந்து உட்காரவில்லை. இரண்டு வரிசை தள்ளி, அதே வெள்ளை, அதே வயதில் இருபத்திரண்டாம் எண் நின்று கொறித்துக்கொண்டிருந்தது, ஊசி எதையும் அறியாத முயல். குறடால் இரண்டு காதுத் தகடுகளையும் கழற்றி மாற்றி மாட்டினார். உயிரோடிருந்ததைப் பதினேழின் கூண்டில் விட்டு, செத்ததை எரிப்பானில் போட்டார். நோட்டில் எழுதினார்: 'எண் 22. இறப்பு. வயிற்றுப்போக்கு.' எழுத்து வழக்கம்போல அழகாக வந்தது.

அவருக்கு அவர் கணக்கு ஒன்று இருந்தது. ஊசிதானே வேலை செய்தது, முயலா செய்தது? மறுபடி ஊசி போடுவார்கள், மறுபடி கோடு வரும்.

அடுத்த வாரம் மாணவி ரத்தம் எடுத்தாள். அவளுடைய கட்டுரையைப் பார்த்து வேறு இரண்டு ஆய்வுக்கூடங்கள் அந்த ஆன்டிபாடியைக் கேட்டிருந்தன. பதினேழின் ரத்தத்தைச் சோதிப்பானேன் என்று அப்படியே பிரித்து அனுப்பிவிட்டாள். பிறகு தன் வேலைக்கு எடுத்துப் பார்த்தால் கோடு இல்லை.

"சில சமயம் சக்தி குறையும்ணா," என்றாள் கீழே வந்து. "இன்னொரு ஊசி போட்டா எழுந்துக்கும்."

ஐஸ் டப்பாவைத் திறந்தாள். நோட்டுக்காரர் முயலைத் துண்டில் சுற்றி மடியில் அணைத்துப் பிடித்துக்கொண்டார்.

"இதான் கடைசி. இந்த நொதியைச் சுத்தமாப் பிரிச்செடுக்க எனக்கு ஒன்றரை வருஷம் ஆச்சு. இனி ஒரு துளிகூட இல்ல."

அவர் வாய் திறந்தது. மடியில் முயலின் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது.

"என்னண்ணா?"

"ஒண்ணுமில்லம்மா. போடுங்க."

போட்டாள். முதலில் ஒன்றுமே வரவில்லை. பிறகு வந்தது கோடு அல்ல. பரப்பு முழுக்கக் கறை. மூன்று மாதம் அவள் உப்பை மாற்றினாள், வெப்பத்தை மாற்றினாள், ராசியில்லை என்று மேஜையைக்கூட மாற்றினாள். கீழே வருவது குறைந்தது. கடைசியாக ஒரு முறை வந்து முயலின் ரத்தம் முழுவதையும் எடுத்து அதன் கதையை முடித்துவிட்டுப் போனாள். அதிலும் ஒன்றுமில்லை. அதற்குள் அந்த இரண்டு ஆய்வுக்கூடங்களும் எழுதிவிட்டன: நீங்கள் அனுப்பியது எதையும் பிடிக்கவில்லை, பத்திரிகையில் போட்ட படம் எப்படி வந்தது?

படத்தை அவள் இட்டுக்கட்டினாள் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. விசாரணைக்கு மூன்று பேரைப் போட்டார்கள், அவ்வளவுதான்.

அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் வாக்கரைப் பிடித்து எழுந்து நின்றாள்.

"போய்ச் சொல்லுங்க," என்றாள். "என் இடுப்பு ஒடைஞ்சதுக்கு யாரோ பெத்த பொண்ணு ஏங்க தலை குனியணும்?"

"வேலை போயிடும்."

"போனாப் போகுது. உங்களுக்கு ராத்திரி தூக்கமாவது வருமில்ல."

விசாரணை அறையில் நீள மேஜை, நான்கு நாற்காலி. நோட்டுக்காரர் நின்றுகொண்டே சொல்லி முடித்தார். நடுவில் இருந்தவர் நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"அந்த ரெண்டு நாளும் சரிபார்த்ததா இருக்கே."

"பொய்ங்க. நான்தான் எழுதினேன்."

"இருபத்திரண்டுக்கு வயிற்றுப்போக்குன்னு இருக்கு."

"அதுவும் பொய்ங்க ஐயா. செத்தது பதினேழு."

"செத்ததோட உடம்பு?"

"எரிச்சுட்டேன்."

"மாத்தி வெச்ச முயல்?"

"அதையும் முடிச்சாச்சு. எரிச்சாச்சு."

"முதல்ல எடுத்த நல்ல ரத்தம் ஏதாவது மிச்சம் இருக்கா?"

இல்லை என்று நான்காம் நாற்காலியில் இருந்த மாணவியின் பேராசிரியர் தலையசைத்தார். நடுவில் இருந்தவர் நோட்டை மூடி, அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.

"இருபத்தாறு வருஷம். ஒரு அடித்தல் கிடையாது. இந்த நோட்டை நம்பித்தான் இந்தக் கட்டடத்துல எல்லாரும் வேலை பார்த்திருக்காங்க. அந்தப் பொண்ணு மேல உங்களுக்குப் பாசம்னு எல்லாருக்கும் தெரியும். பாசத்துல ஏதோ சொல்றீங்க. வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க பெரியவரே. இதை நாங்க எழுதிக்கல."

"எழுதிக்குங்க ஐயா. நான் சொல்றது நிஜம்."

"அப்போ நோட்டு?"

தான் எழுதியதைத் தானே பொய் என்று எத்தனை முறை சொல்வது?

கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லித் தீர்ப்பு வந்தது. மாணவியின் இடம் அந்த மாதத்தோடு முடிந்தது. அவர் சொன்னது எப்படியோ அவள் காதுக்கும் போயிருந்தது. போகிற அன்று கீழே வந்தாள். நோட்டுக்காரர் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். கையைக்கூடத் துடைக்காமல் எழுந்து நின்றார்.

"அவங்க நம்பல. நான் நம்புறேன்," என்றாள். "எந்தத் தேதி?"

சொன்னார். அவள் விரல் மடக்கி எண்ணினாள். ஒரு விரலில் வந்து நின்றாள்.

"கடைசி ஊசி அதுக்கு அப்புறம் போட்டது."

"ஆமாம்மா."

"அன்னைக்குச் சொல்லியிருந்தா, அதை வேற முயல்களுக்கு முறையாக் கொஞ்சங்கொஞ்சமாப் போட்டிருப்பேன். ஒண்ணுலயாவது வந்திருக்கும்."

குழாயை மூட அவருக்குத் தோன்றவில்லை. தண்ணீர் தொட்டியில் விழுந்துகொண்டே இருந்தது.

"நீங்கதான பிடிச்சிட்டிருந்தீங்க," என்றாள். "மடியில வெச்சு."

இந்த முறை அண்ணா என்று அவள் சொல்லவில்லை. கூண்டில் ஒட்டியிருந்த படத்தை உரித்தெடுத்தாள். பசை பிடித்து ஒரு மூலை கிழிந்தது. அதை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு படியேறிப் போனாள்.

அவர் குழாயை மூடினார். கையைத் துடைத்துக்கொண்டு மேஜைக்கு வந்து நோட்டைத் திறந்தார். அந்தப் பக்கத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. 22 என்பதை அடித்து, மேலே 17 என்று எழுதினார். 'வயிற்றுப்போக்கு' என்பதை அடித்து, 'தண்ணீர் இல்லை' என்று எழுதினார். அந்தப் பேனா எப்போதோ தீர்ந்துபோயிருந்தது; இது வேறு நீலம். நோட்டைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். இருபத்தாறு வருஷ நோட்டை யார் புரட்டினாலும் அந்த ஒரு வரியைத்தான் பொய் என்று சொல்வார்கள்.