உப்புக் குழி

இரும்பில் மின்சாரம் பாயும், ரப்பரில் பாயாது. ஏழாம் வகுப்பில் இதைப் படித்த நாளிலிருந்து எங்கள் வீட்டு மின்சார மந்திரி நான்தான். கவரைப்பேட்டையை ஒட்டிய எங்கள் ஊருக்கு அப்போதுதான் விளக்கு வந்திருந்தது. சினையாயிருந்த செவலைப் பசுவுக்காகக் கொட்டகையிலும் ஒரு பல்பு வேண்டுமென்றார் அப்பா. கும்மிடிப்பூண்டியில் ஓர் ஆலையில் ஒயர்மேனாயிருந்த மாமா, அம்மாவின் தம்பி, ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் இரும்புக் குழாய்களைக் கட்டிக்கொண்டு வந்தார்.

"இன்னா மச்சான், ஊட்டுக்குள்ள போட்டு மிஞ்சின ஒயரு சும்மா கெடக்குது. அதையே இழுத்துக்கினு போயேன்" என்றார் அப்பா.

"வேணாம் மாமா, அது மெலிசு. வெளிய போடறதுக்குக் கெட்டி ரப்பர் ஒயரு தனியா இருக்குது" என்றார் மாமா.

"பைப்புக்குள்ளதானே போவுது? அப்புறம் இன்னா?"

அக்கா புருஷனிடம் அதற்குமேல் பேசமுடியாது. மிஞ்சிய ஒயரே குழாய்க்குள் போனது.

என் கவலை வேறு. "இரும்புக் குழாய்ல போட்டா குழாய் பூரா கரண்டு வராதா மாமா?"

"வந்தா மண்ணுக்குப் பூடும். தொட்டவனுக்கு வராது" என்றவர், குழாயிலிருந்து ஒரு கம்பியை இறக்கி, கொட்டகை ஓரம் குழி வெட்டி, கரியும் உப்பும் கொட்டிப் புதைத்தார். "வாரத்துக்கு ஒரு கொடம் தண்ணி ஊத்து. அது உன் வேல."

கரண்டுக்கு உப்பு எதற்கு? தண்ணீர் எதற்கு? புத்தகத்தில் எங்கும் இல்லை. ஊற்றினேன்.

மூன்றாம் வாரம் பார்த்தால், செவலை அந்தக் குழி மண்ணை நக்கிக்கொண்டு நிற்கிறது. விரட்டினேன். திரும்பி வந்தது. உப்பு ருசி. கரண்டு போகிற மண்ணையல்லவா நக்குகிறது! அப்பாவிடம் ஓடினேன். "போய்ப் படி" என்றார். நானே வேலிக்கம்பி வெட்டும் குறட்டை எடுத்து வந்து அந்தக் கம்பியை வெட்டினேன். ஓர் உயிரைக் காப்பாற்றிய பெருமையில் இரண்டு தோசை கூடுதலாகத் தின்றேன்.

அடுத்த வாரம் அடைமழை. பகலிலேயே இருட்டிவிட, அப்பா கொட்டகை விளக்கைப் போட்டார். செவலை வழக்கம்போல் குழாயில் கழுத்தைத் தேய்த்தது. ஒரே ஒரு கதறல். நாங்கள் ஓடுவதற்குள் நான்கு கால்களும் விறைத்துக் கிடந்தது.

மறுநாள் வந்த மாமா, குழாய் வாயில் உரசித் தோல் கிழிந்திருந்த ஒயரை இழுத்துப் பார்த்தார். பிறகு குழியருகே குந்தினார். கம்பியின் வெட்டுமுனை பளபளவென்றிருந்தது.

"மாமா, அது..." என்று ஆரம்பித்தேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு, அந்த முனையை மண்ணுக்குள் அழுத்தினார்.

"இன்னாடா பண்ணி வெச்ச, பாவி! வாயில்லா ஜீவனாச்சேடா" என்று அம்மா மாமாவைப் பார்த்துத் தலையிலடித்துக்கொண்டாள்.

"என் தப்புதான்க்கா. அவசரத்துல கம்பிய சரியா முறுக்கல."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். குழாய் வாயில் தொங்கிய அந்த மெலிசு ஒயரைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கம்பியை வெட்டியபிறகு கரண்டு எப்படி வந்தது? மாமா ஏன் பொய் சொன்னார்? அதைக் கேட்டு அப்பா ஏன் தலையைக் குனிந்துகொண்டார்? எதுவும் பிடிபடவில்லை. வாரம் முடிந்திருந்ததால், காலியான கொட்டகைக்குப் போய் அந்தக் குழியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தேன்.