அன்புசெல்வியின் இடது கன்னம்

கதிர்காமத்தில் எங்கள் தெருவில் அன்புசெல்வியிடம் வாயைக் கொடுத்துத் தப்பியவர்கள் குறைவு. நானும் தப்பியதில்லை. மாத்திரைகளை அட்டையில் அடைக்கும் மெஷினை எட்டு வருடம் ஓட்டியவள். சத்தம் லேசாக மாறினாலே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவாள். அந்தக் கம்பெனியை மூடிவிட்டார்கள். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேறு வேலை தேட வேண்டியதாயிற்று.

அவளுக்கு இடது கன்னத்தில் காதுவரை ஒரு தழும்பு. சின்ன வயதில் கொதிக்கிற எண்ணெய் தெறித்தது. அதை அவள் முந்தானையால் மறைத்து நான் பார்த்ததில்லை.

எங்கள் பக்கத்து மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் இன்னொரு மருந்துக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று விண்ணப்பம் போட்டாள். போட்டோ ஒட்டியே ஆகவேண்டுமாம். மெஷின் ஓட்டுகிறவளுக்கு மூஞ்சி எதற்கென்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. இரண்டு தடவை போட்டும் பதிலே இல்லை.

மூன்றாவது தடவை கையில் போட்டோ தீர்ந்துபோய், பெரிய மார்க்கெட் பக்கத்தில் இருக்கும் வடிவேல் ஸ்டுடியோவுக்குப் போனாள். யார் போய் உட்கார்ந்தாலும் கேட்காமலே வெளுப்பாக்கித் தருவது வடிவேலின் வழக்கம். அவன் புண்ணியத்தில் எங்கள் தெருவே போட்டோவில் சிவப்பு. அன்புசெல்வியை வெளுப்பாக்கியதோடு தழும்பையும் துடைத்துவிட்டான். கடையிலேயே சண்டை பிடித்தாள். இதுக்குத் தனியா காசு வாங்கலையேக்கா என்றான் அவன். அன்றுதான் கடைசித் தேதி. பல்லைக் கடித்துக்கொண்டு அதையே ஒட்டிக் கொடுத்தாள்.

நான்காம் நாள் கூப்பிட்டார்கள்.

அங்கே அதிகாரி போட்டோவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். ஆள் மாறாட்டம் மாதிரி இருக்கிறது, இவளைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்றார். அவள் விடவில்லை. முன்பு அனுப்பிய இரண்டு விண்ணப்பங்களையும் எடுத்துப் பார்க்கச் சொன்னாள். அதே சர்ட்டிபிகேட், அதே எட்டு வருடம்.

"அதுல இருந்தது என் மூஞ்சி. அப்ப ஏன் சார் கூப்பிடல?"

மெஷினைக் காட்டுங்கள் என்றாள். அரை மணி நேரம் ஓட்டினாள், ஒரு மாத்திரைகூட வீணாகவில்லை. பக்கத்தில் நின்று பார்த்த சூப்பர்வைசர் போய்ச் சொன்ன பிறகு வேலை கொடுத்தார்கள்.

முதல் நாள் காலை கேட்டில் ஐடி கார்டு நீட்டினார்கள். அதில் வடிவேல் செய்த மூஞ்சி. அவள் வாங்கவில்லை. விண்ணப்பத்தில் உள்ள போட்டோதான் கார்டுக்கும், பிடிக்கவில்லை என்றால் கிளம்பலாம் என்றார் அதே அதிகாரி.

"இந்த மூஞ்சிக்குத்தான் வேலைன்னா இவளையே வரச் சொல்லுங்க சார். மெஷின் ஓட்டப் போறது நான்."

சொல்லிவிட்டுக் கேட்டிலேயே நின்றாள். கிடைத்த வேலை கைவிட்டுப் போகுமோ என்று பயமாகத்தான் இருந்ததாம். பதினோரு மணிக்கு, மெஷினுக்கு ஆள் எங்கே என்று சூப்பர்வைசர் சத்தம் போட்ட பிறகு, கேமராவோடு வந்தார்கள்.

அன்புசெல்வி இடது கன்னத்தைத் திருப்பிக் காட்டினாள்.