அக்காவுக்கு ஒரு சவுண்ட்பார்

சலவைக்கூடத்தில் அவனுக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர். ஒரு பெரிய மருத்துவமனையின் படுக்கை விரிப்புகளும் போர்வைகளும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் இடம் அது. இயந்திரங்கள் போடும் இரைச்சலில் யார் பேசினாலும் யாருக்கும் கேட்காது. அதனாலேயே அவனுக்கு அந்த வேலை பிடித்துப்போனது. மற்றவர்கள் கையை ஆட்டி, கண்ணைக் காட்டி ஊர்க்கதை பேசுவார்கள். அவனுக்கு அதுவும் கிடையாது. ஐம்பது தாண்டியும் கல்யாணம் ஆகாமல் போனதற்குக் காரணம் கேட்டால், "பொண்ணு பாக்கப் போன எடத்துல வாயத் தொறந்திருக்கணும்ல" என்று அக்கா சொல்லுவாள்.

புருஷன் இறந்தபின் அவனோடு வந்து தங்கியவள் அக்கா. வீட்டில் அவனுக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் செக்கிங் பிரிவில் இருந்தாள். சட்டையைக் கையில் வாங்கித் திருப்பும்போதே விட்டுப்போன தையல் அவள் கண்ணில் மாட்டிவிடும். அப்படிப்பட்டவளுக்குக் கண்ணில் அழுத்தம் என்றார்கள். சொட்டு மருந்து போட்டார்கள், அறுவை செய்தார்கள். கடைசியில் டாக்டர், "போன பார்வை போனதுதான்மா. இருக்கறதக் காப்பாத்தப் பாப்போம்" என்றார். இருந்ததும் நிற்கவில்லை. ஓரங்களிலிருந்து இருட்டிக்கொண்டே வந்தது.

டிவி இருந்தது முன்னறையில். ஒரு கட்டில், ஒரு நாற்காலி, எதிரே பலகை ஸ்டாண்டில் சின்ன டிவி. குறுக்கே ஒரு ஆள் நடந்தால் இன்னொரு ஆள் காலை மடக்க வேண்டும். சீரியல் ஓடும்போது அக்காவுக்குத் திரையில் ஒரு முகம் மட்டும் தெரியும். அந்த முகம் யாரைப் பார்த்து அழுகிறது என்பது தெரியாது.

"யாருடா வந்தது?"

"யாரோ ஆம்பள."

"யாரோன்னா? அவ புருஷனா, அந்தத் திருட்டுப்பயலா?"

"சட்டை போட்டிருக்கான்."

"வேற என்ன போட்டிருப்பான். நீ சொல்றதுக்கு அந்தச் சுவரு சொல்லிடும்."

முதலில் இது சிரிப்பாகத்தான் இருந்தது. போகப்போக, வேலை முடிந்து வந்த களைப்பில், அவள் "யாருடா" என்று ஆரம்பித்தாலே அவனுக்கு எரிச்சல் வந்தது. திட்டமாட்டான். ஆனால் பதில் சொல்லுமுன் ஒரு பெருமூச்சு வரும். டிவியின் ஸ்பீக்கரோ பின்பக்கம், சுவரைப் பார்த்தபடி இருந்தது. பேச்செல்லாம் பானைக்குள்ளிருந்து வருவதுபோலக் குழம்பிக் கேட்டது. சலவைக்கூடத்து மேஸ்திரிதான் சொன்னார்: "ஒரு சவுண்ட்பார் வாங்கிப் போடுய்யா, டிவிக்கு முன்னால வைக்கற நீட்டு ஸ்பீக்கரு. பேச்சு கண்ணாடி மாதிரி கேக்கும். அப்புறம் உன்ன எதுக்குக் கேக்கப் போறாங்க."

அந்தக் கடைசி வார்த்தைதான் அவனைக் கடைக்குக் கூட்டிப்போனது. அக்காவும் வருவேன் என்றாள்.

கடையில் விற்பனையாளர் ஒரு பாட்டைப் போட்டார். தரையில் வைத்திருந்த கறுப்புப் பெட்டி அதிர்ந்து, அவன் செருப்புக்கடியில் குறுகுறுத்தது.

"பேஸ் எப்படி அதிருது பாருங்க சார். இந்த விலைக்கு வேற எங்கயும் கெடைக்காது."

"தம்பி, பாட்டு வேண்டாம்" என்றாள் அக்கா. "யாராவது ரெண்டு பேரு சண்ட போடற மாதிரி எதாவது போடு. வார்த்த புரியுதான்னு பாக்கணும்."

அவள் அதைச் சொன்னது விற்பனையாளரிடம் இல்லை. ஆள் உயரத்துக்கு நிறுத்தியிருந்த விளம்பர அட்டையில் கோட்டுப் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்த ஒருவனிடம். பக்கத்தில் நின்ற அவனுக்கு முகம் சுண்டிப்போனது. விற்பனையாளர் ஒரு கணம் பார்த்தார். பிறகு சத்தமில்லாமல் நகர்ந்து அந்த அட்டைக்கு முன்னால் வந்து நின்றுகொண்டு, "சரிம்மா, போடறேன்" என்றார்.

ஒவ்வொன்றாகக் கேட்டாள். பெரிய பெட்டி வைத்ததெல்லாம் வேண்டாம் என்றாள். இருப்பதிலேயே குட்டையாக, மலிவாக, தனிப்பெட்டி இல்லாமல் இருந்த ஒன்றில், பேச்சை மட்டும் தூக்கிக் கொடுக்கும் பொத்தான் இருந்தது. அதை அமுக்கியதும் தலை நிமிர்ந்தாள். "இதான். சண்ட போடறவன் பல்லக் கடிச்சிக்கிட்டுப் பேசறது வரைக்கும் கேக்குது."

ஞாயிற்றுக்கிழமை காலை அதை மாட்ட உட்கார்ந்தான். சுவரில் துளை போட்டதும் காரை பொலபொலவென்று கொட்டியது. அந்த யோசனையைக் கைவிட்டு ஸ்டாண்டிலேயே, டிவிக்கு முன்னால் வைத்தான். வைத்ததும் ரிமோட் வேலை செய்யவில்லை. டிவியின் அடியில் ரிமோட்டின் ஒளி படும் இடத்தை சவுண்ட்பார் மறைத்துக்கொண்டிருந்தது. ஒரு பலகைத் துண்டைக் கொடுத்து டிவியைத் தூக்கினான். அடுத்தது ஒயர். பழைய டிவியில் அதற்கான ஹெச்டிஎம்ஐ துளை இல்லை. ஆப்டிகல் ஒயர் என்று மெல்லிசாக ஒன்று கூடவே வந்திருந்தது. செருகினால் நுழையவில்லை. திருப்பிப் பார்த்தான், அழுத்திப் பார்த்தான், வியர்த்துப்போனான்.

"இங்க குடு" என்றாள் அக்கா. வாங்கி நுனியை விரலால் தடவினாள். "மூடி இருக்குடா இதுல."

நகத்தால் நெம்பியதும், கண்ணுக்கே தெரியாத அந்தப் பிளாஸ்டிக் மூடி கழன்று வந்தது. பிறகு டிவியின் செட்டிங்கில் சத்தம் வெளி ஸ்பீக்கருக்குப் போகும்படி மாற்றினான். திடீரென்று அறைக்குள் ஒரு பெண் தெளிவாக, பக்கத்தில் நின்று பேசுவதுபோல, வானிலை சொன்னாள். அக்கா சிரித்தாள்.

அதன்பிறகு அவள் கேட்பது குறைந்தது. குரலை வைத்தே ஆளைச் சொன்னாள். "இவன் பொய் சொல்றான் பாரு" என்பாள். கொஞ்ச நாளில் அதுவும் நின்றது. அவன் நாற்காலியில் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தான். மழைக்காலம் முடிவதற்குள் அவளுக்கு மிச்சமிருந்த வெளிச்சமும் போய்விட்டது. அன்றைக்குக்கூட அவள் பெரிதாக எதுவும் சொல்லவில்லை. "விளக்கு எரியுதாடா?" என்று மட்டும் கேட்டாள். எரிந்துகொண்டிருந்தது.

ஒரு சாயங்காலம் சீரியலில், தொலைந்துபோன மகனைத் தாய் கண்டுபிடிக்கும் கட்டம். ஒரு வார்த்தை கிடையாது. நடக்கிறாள், நிற்கிறாள், முகத்தைத் தொடுகிறாள். எல்லாவற்றுக்கும் சேர்த்து வெறும் வயலின். அவனுக்கே கண் கலங்கியது. திரும்பிப் பார்த்தான். அக்கா தலையைக் குனிந்து, புடவைத் தலைப்பின் ஓரத்தை விரலால் நெருடிக்கொண்டு, வயலின் முடிவதற்காகக் காத்திருந்தாள்.

அவன் தொண்டையைச் செருமினான். "அக்கா, அவ அவன் முகத்தத் தொடறா. அவன்..."

"வேண்டாம்டா."

"இல்லக்கா, சொல்றேன்."

"ஒவ்வொரு தடவையும் ஒரு மூச்சு விடுவியே, அது எனக்குக் கேக்காதுன்னு நெனச்சியா?" கோபமே இல்லாமல் சொன்னாள். "நீ என்ன செய்வ பாவம். வேல செஞ்சிட்டு வர்ற."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை ஒரு புள்ளி கூட்டி வைத்தான்.

மறுநாள் வேலைக்கு நடுவே, சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டான். சாயங்காலம் சீரியல் தொடங்கியதும், கதாநாயகி பச்சைப் புடவை கட்டியிருப்பதையும், வாசலில் கார் நிற்பதையும், மாமியார் கதவோரம் ஒளிந்து கேட்பதையும் விடாமல் சொன்னான். சொல்லிக்கொண்டே இருந்ததில் சீரியலில் பேசியது ஒன்றும் அவள் காதில் விழவில்லை. "போதும்டா" என்று அவன் கையைத் தட்டிக் கொடுத்தாள்.

இப்போது அவள் சீரியல் கேட்பதில்லை. செய்தி மட்டும்தான். "அதுல பாக்கறதுக்கு என்ன இருக்கு, எல்லாத்தையும் அவங்களே சொல்லிடறாங்க" என்கிறாள். செய்தி முடிந்ததும், சுவரைத் தடவியபடி உள்ளறைக்குப் போய்ப் படுத்துக்கொள்கிறாள். அவன் சீரியலைப் போட்டுவிட்டு, அவளுக்கு எட்டட்டும் என்று சத்தத்தைக் கூட்டி வைப்பான். "கொறைடா, தல வலிக்குது" என்று உள்ளிருந்து குரல் வரும். குறைத்துவிட்டு, நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, தனக்கு மட்டும் கேட்கும்படி பார்த்துக்கொண்டிருப்பான்.