பொட்டு வைத்த ஸ்மார்ட் போர்டு

காலை எட்டு மணி நாற்பத்தேழு நிமிடம். இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், அப்போது என் மகளின் கைபேசி என் மடியில் இருந்தது. பையில் எதையோ தேடுவதற்காக என்னிடம் கொடுத்திருந்தாள். ராஜபாளையத்தில் நாங்கள் ஏறிய டவுன் பஸ் மடவார் வளாகம் தாண்டி ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் நுழைந்துகொண்டிருந்தது. கைபேசி அதிர்ந்தது. ஒரு முறை அதிர்ந்து அடங்கும் என்று பார்த்தேன். அடங்கவில்லை. கையில் பிடித்த வண்டு மாதிரி துடித்துக்கொண்டே இருந்தது.

"ம்மா, குடு" என்று வாங்கிப் பார்த்தாள். முகம் வெளுத்தது. திரையை என் பக்கம் திருப்பினாள். கடைசியாக வந்திருந்த வரி இது: "இந்தப் பொண்ணு தெனமும் எட்டு இருபது பஸ்ல வரும். நாங்க பாத்துக்கிறோம்."

நான் நிமிர்ந்து பஸ்ஸுக்குள் இருந்த ஒவ்வொரு முகத்தையும் பார்த்தேன். அன்று தொடங்கிய பழக்கம் இன்னும் விடவில்லை.

இது எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் அரசு உதவி பெறும் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியை. மகள் அதே ஊரில் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். வீடு ராஜபாளையத்தில். எட்டு இருபது பஸ்ஸில் நடுக்கதவுக்குப் பின்னால் இருக்கும் இருக்கைகள் எங்களுடையவை. எழுதி வைக்கவில்லை, ஆனால் எங்களுடையவை. நான், நீதிமன்றத்தில் தட்டச்சு செய்யும் ஒரு பெண், தளவாய்புரத்திலிருந்து நைட்டிகளை எடுத்துவந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் கடை போட்டிருக்கும் அக்கா. தினமும் எங்களில் ஒருவர் நாளிதழ் வாங்கி வருவார். ஏறியதும் தாள் தாளாகப் பிரித்துக்கொள்வோம். இறங்குவதற்குள் நாட்டில் உள்ள எல்லாவற்றுக்கும் தீர்ப்புச் சொல்லி முடித்துவிடுவோம்.

தங்கம் விலை ஏறினால் நைட்டிக்கடை அக்கா சொல்வாள், "ஏறட்டும். நான் வாங்கப் போறதில்ல, விக்கவும் போறதில்ல. அது பாட்டுக்கு ஏறிக்கிட்டுக் கெடக்கட்டும்." செயற்கை நுண்ணறிவு எல்லா வேலைகளையும் எடுத்துக்கொள்ளும் என்று செய்தி வந்த அன்று, "நைட்டிக்கு பாக்கெட் வைக்குமான்னு கேளுங்க டீச்சர். இருவது வருசமா நான் கேக்கேன், ஒரு முதலாளியும் வைக்க மாட்டேங்கான்" என்றாள். தட்டச்சுப் பெண்ணுக்கு விண்வெளிதான் பிடிக்கும். ராக்கெட் எந்த உயரத்தில் எந்தத் துண்டைக் கழற்றிவிடும் என்று அவள் சொல்லும்போது கண்டக்டர்கூட நின்று கேட்பார்.

என் மகளுக்கு இது வேடிக்கையாக இருந்தது. எங்களிடம் கேட்டுவிட்டே பதிவு செய்யத் தொடங்கினாள். முகம் தெரியாது. சாப்பாட்டுப் பைகளும் நாளிதழும் வளையல் கைகளும் மட்டும் தெரியும். வாரம் இரண்டு வீடியோ இணையத்தில் போடுவாள். "ஏட்டி, எஞ் சத்தம் நல்லா விழுதா?" என்பதுதான் அக்காவின் ஒரே கவலை. பார்ப்பவர்கள் நூறு, இருநூறு பேர் இருப்பார்கள். அதில் பாதி எங்கள் சொந்தக்காரர்கள்.

அந்த வாரம் போட்டதில் பேசியது நான். பள்ளிகளுக்குப் புதிய தொழில்நுட்பம் வருகிறது என்று நாளிதழில் அரைப்பக்கச் செய்தி. நான் சும்மா இருந்திருக்கலாம்.

"எங்க பள்ளிக்கூடத்துல மூணு வருசமா ஒண்ணு இருக்கு, ஸ்மார்ட் போர்டு" என்று ஆரம்பித்தேன். "பொம்பளப் புள்ளைய பொத்தி வச்ச மாதிரி மூடியே வச்சிருக்கோம். போட்டா மெயின் டிரிப் ஆயிரும். வயரிங் அப்படி. அக்கா குடுத்த பூப்போட்ட துணிதான் அது மேல கெடக்கு. வருசா வருசம் ஆயுத பூசைக்குத் துணிய எடுத்து, சந்தனம், பொட்டு வச்சுக் கும்பிட்டுட்டுத் திரும்ப மூடிருவோம்."

"அப்ப ஒருநாளும் ஓடலியா?" என்றாள் தட்டச்சுப் பெண்.

"ஏன் ஓடல? தெறப்பு விழா அன்னைக்கு ஓடுச்சே. மைக் செட்காரர் ஜெனரேட்டர் கொண்டாந்திருந்தாருல்ல, அதுலதான் கொக்கி போட்டாக. விழா முடிஞ்சது, அவரு வயரச் சுருட்டிக்கிட்டுப் போயிட்டாரு. அத்தோட சரி."

"அட கூறுகெட்டவுகளா" என்றாள் அக்கா. "போர்டு குடுத்த மனுசன் அத அவரே வச்சுக்கிட்டு, ஜெனரேட்டரக் குடுத்துட்டுப் போயிருக்கலாம்லா."

மூன்று பேரும் சிரித்தோம். அவ்வளவுதான் வீடியோ. ஒரு நிமிடம்கூட முழுசாக இல்லை.

போர்டு கொடுத்தவர் எங்கள் பகுதியில் ஒரு பிரமுகர். அடுத்த தேர்தலில் தனக்கு இடம் உறுதி என்று சுவரெல்லாம் எழுதி வைத்திருப்பவர். போர்டைவிடப் பெரிதாக, அவர் பெயர் பொறித்த கல்வெட்டு ஒன்று பள்ளிச் சுவரில் இருக்கிறது. நான் அவர் பெயரைச் சொல்லவில்லை. கட்சியைச் சொல்லவில்லை. பள்ளியின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. ஆனால் அவருக்கு எதிர்க்கட்சிக்காரர்கள் இருக்கிறார்களே, அவர்கள் அந்த வீடியோவை எடுத்து, அவர் படத்தையும் சேர்த்து ஊர் முழுக்கச் சுற்றவிட்டார்கள். அந்த வியாழக்கிழமை காலை எட்டு நாற்பத்தேழுக்கு அது அவர் ஆட்களிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

மகளைக் கல்லூரி வாசல் வரை கொண்டுபோய் விட்டேன். ஐந்தாம் வகுப்பிலிருந்தே வேண்டாம் என்று சொல்லும் பெண், அன்று எதுவும் சொல்லவில்லை. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

பள்ளியில் தலைமையாசிரியர் தன் அறைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். "டீச்சர், உங்களுக்கு எதுக்கு இந்த அரசியல் எல்லாம்?"

"கரண்ட் அரசியலா சார்?"

"ஏன் இப்படிப் பேசுதீங்க. நமக்குக் குடுத்தவுக மனசு கோணலாமா?"

"மூணு வருசமா வயரிங் மாத்த எத்தன கடுதாசி நீங்களே எழுதுனீங்க சார்?"

அவர் அறைக்குள் போய்விட்டார். கெட்டவர் அல்ல. ஓய்வுபெற இன்னும் கொஞ்ச காலம்தான் இருக்கிறது அவருக்கு. அந்தக் கடிதங்களின் நகல்கள் எந்த அலமாரியில் இருக்கின்றன என்று எங்கள் இருவருக்குமே தெரியும்.

மதிய இடைவேளையில் பிரமுகரின் உதவியாளர் என்னைப் போனில் அழைத்தார். குரல் மிகவும் மரியாதையாக இருந்தது. "டீச்சர், வீடியோவ மொதல்ல எடுக்கச் சொல்லுங்க. பொறவு, நாளைக்குக் காலைல பத்து மணிக்கு நாங்க ஸ்கூலுக்கு வாரோம். பாப்பா அந்த போர்டு முன்னாடி நின்னு, தெரியாமப் போட்டுட்டேன், போர்டு நல்லா ஓடுது, மன்னிச்சிருங்கன்னு சொல்லணும். நாங்களே எடுத்துப் போட்டுக்கிடுவோம். அம்புட்டுத்தான்."

"போர்டுதான் ஓடாதே."

"நாளைக்கு ஓடும். அதுக்கு ஏற்பாடு பண்ணியாச்சு."

"பேசுனது நானு. எம் பொண்ணு எதுக்கு வரணும்?"

"வீடியோ போட்ட ஐடி பாப்பா பேருலல்லா இருக்கு" என்றார். அதே மரியாதையோடு, "படிக்கிற புள்ள பாருங்க, பஸ்ல போயி வார புள்ள" என்றார்.

போனை வைத்த பிறகு வெகுநேரம் வகுப்புக்குப் போகவில்லை. கையிலிருந்த சாக்பீஸ் ஒடிந்துபோயிருந்தது. அவர்கள் கேட்டது வீடியோவை அல்ல என்று அப்போது புரிந்தது. எத்தனையோ பிள்ளைகள் இப்படிக் கைகட்டி நின்று, எழுதிக் கொடுத்ததைப் படித்து மன்னிப்புக் கேட்கும் வீடியோக்களை நான் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு, பாவம் என்று சொல்லி அடுத்ததற்குத் தள்ளியிருக்கிறேன். அந்தப் பிள்ளைகளின் கண் எங்கே பார்க்கிறது என்று கவனித்ததில்லை. கேமராவுக்குப் பின்னால் நிற்பவனைத்தான் பார்க்கும். என் மகளின் கண் அப்படிப் பார்ப்பது வாழ்நாள் முழுக்க இணையத்தில் கிடக்கும்.

மாலை வீட்டில் வாக்குவாதம். கணவர் பஞ்சாலையில் சூப்பர்வைசர். ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தார், தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"ஒரு நிமிசம் நின்னு சாரின்னு சொன்னா முடிஞ்சுபோற காரியம்" என்றார்.

"நான் பேசுனது பொய்யில்லங்க."

"பொய்யா மெய்யான்னு இப்ப யாரு கேட்டா? புள்ள நாளைக்கு பஸ்ல போகணும்ல?"

"அதான் சொல்றேன். நாளைக்கு நின்னு சொல்லிட்டான்னா, அதுக்குப் பொறவு பஸ்ல எவன் வந்து என்ன சொன்னாலும் தலைய ஆட்டணும்னு அவளுக்குப் பழகிரும்."

அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அவர் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. என் பயமும் அதேதான். இரண்டு பேரும் ஒரே பயத்தை இரண்டு முனையில் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தோம்.

மகள் உள்ளேயிருந்து வந்தாள். கையில் ஒரு தாள். மன்னிப்பை அழகாக எழுதி வைத்திருந்தாள். "நானே எழுதிட்டேன் ம்மா. நீ படிச்சுப் பாரு, பிழை இருந்தா திருத்து."

இருபத்திரண்டு வருடமாகப் பிழை திருத்துபவள் நான். அந்தத் தாளை மட்டும் என்னால் வாங்க முடியவில்லை.

வீடியோவுக்குக் கீழே வந்திருந்த கருத்துகளை அவள் நாள் முழுவதும் படித்திருக்கிறாள். "ஓசி பஸ்ல வந்துக்கிட்டுப் பேச்சப் பாரு" என்பதுதான் அதிகம். அதற்கு அடுத்தபடி, "இவளுகளுக்கு டெக்னாலஜி பத்தி என்ன தெரியும்?"

என்ன தெரியும் என்று நானே என்னைக் கேட்டுக்கொண்டேன். வாரச்சந்தையில் நின்று தேர்தல் கணக்குப் போடுகிற ஆண்களிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை. தொலைக்காட்சியில் நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்துவதை அறிவு என்று ஏற்றுக்கொள்கிறோம். தங்கம் ஏன் ஏறுகிறது என்று எனக்கு முழுதாகத் தெரியாது. ராக்கெட்டும் தெரியாது. ஆனால் நான்கு மின்விசிறியும் ஒரு போர்டும் சேர்ந்தால் எங்கள் பள்ளியின் மெயின் விழும் என்று தெரியும். முப்பத்தெட்டுப் பிள்ளைகள் வியர்வையில் எழுந்து நின்று "டீச்சர், கரண்ட் போயிருச்சு" என்று கத்துவது தெரியும். தெரிந்ததைப் பேச எனக்கு எந்தக் கல்வெட்டின் அனுமதியும் வேண்டாம். இலவசப் பயணம் செய்கிறவள் வாயைக் கட்டிக்கொண்டு வர வேண்டும் என்று எந்தச் சீட்டின் பின்னாலும் அச்சடித்திருக்கவில்லை. தெரியாததைப் பற்றியும் பேசுவேன். தவறாக இருந்தால் பக்கத்து இருக்கைக்காரி திருத்துவாள். எங்கள் பஸ்ஸில் அப்படித்தான் நடக்கிறது.

இதை எழுதும்போது இவ்வளவு தெளிவாக வருகிறது. அன்று மாலை இந்தத் தெளிவு இல்லை. இப்போதும் எந்த போன் அதிர்ந்தாலும் முதலில் மகள் எங்கே என்றுதான் பார்க்கிறேன். ஆனால் அன்று மகளின் தாளை வாங்காமல் அவள் கைபேசியை வாங்கினேன். கேமராவை என் முகத்துக்கு நேராகத் திருப்பினேன்.

"பஸ்ல பேசுனது நான்தான். பள்ளிக்கூடத்துல டீச்சரா இருக்கேன். போர்டு ஓடல, வயரிங் சரியில்ல. சொன்னது அத்தனையும் நெசம். மன்னிப்புக் கேக்கணும்னா மூணு வருசமா சும்மா பொட்டு வச்சதுக்கு எம் புள்ளைககிட்டதான் கேக்கணும். அத நாளைக்கு வகுப்புலயே கேட்டுக்கிடுவேன். வேற யாரும் பத்து மணிக்கு வர வேண்டாம்."

"போடு" என்று மகளிடம் கொடுத்தேன்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டார். பிறகு, "போடுறதா இருந்தா பஞ்சாலைக்கார அப்பாவும் வீட்டுலதான் இருக்காருன்னு கீழ எழுதிப் போடு" என்றார்.

போட்டாள். மன்னிப்புத் தாளை நான்காக மடித்து, பாடப்புத்தகத்துக்குள் வைத்தாள். கிழிக்கவில்லை. நானும் கிழிக்கச் சொல்லவில்லை.

ஏழு மணிக்கு வாசலில் ஒரு குட்டியானை சரக்கு வண்டி வந்து நின்றது. பின்புறம் ஏதோ பெரிதாகத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது. கணவர் எழுந்து மகளை உள்ளே போகச் சொன்னார். அவள் போகவில்லை. எனக்குப் பின்னால் வந்து நின்று, என் சேலைத் தலைப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டாள், சின்ன வயதில் ஊசி போட அழைத்துப் போகும்போது பிடிப்பதுபோல.

இறங்கியது ஒரே ஆள். முழுக்கைச் சட்டையைச் சுருட்டிவிட்டிருந்தார். வெளிச்சத்துக்கு வந்த பிறகுதான் அடையாளம் தெரிந்தது. திறப்பு விழாவுக்கு வந்த மைக் செட்காரர்.

"என்ன டீச்சர், என்னையும் வீடியோவுல இழுத்து விட்டுட்டீகளே" என்றார்.

"உங்களத் தப்பா ஒண்ணும் சொல்லலியே" என்றேன்.

"வீட்டுக்காரிதான் போட்டுக் காட்டுனா. வயரச் சுருட்டிக்கிட்டுப் போயிட்டாருன்னு அம்புட்டுப் பேரும் சிரிக்காக." செருப்பைக் கழற்றிவிட்டுப் படியில் உட்கார்ந்தார். "செத்த தண்ணி குடுங்க."

மகள்தான் கொண்டுவந்தாள். அண்ணாந்து குடித்து முடித்து, சொம்பை அவள் கையில் கொடுத்துவிட்டு அவளையே பார்த்தார்.

"மத்தியானம் போர்டு குடுத்தவுக ஆளு போன் போட்டாரு பாப்பா. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு பள்ளிக்கூடத்துல ஜெனரேட்டர் வேணும், யாருக்கும் தெரியாம பின்பக்கம் எறக்கணும்னாரு. ரிப்பேருன்னு சொல்லிட்டேன். இந்தா, வண்டியிலதான் கெடக்கு, ஒரு கொறையும் இல்ல. வேற ஆளப் பாத்துக்கிடுதேன்னாரு. எங்க மைக் செட்காரங்களுக்கும் ஒரு குரூப் இருக்குல்லா, அதுல உங்க வீடியோவப் போட்டு வெவரத்தச் சொல்லிட்டேன். நீங்க பயப்படாம பள்ளிக்கூடம் போங்க டீச்சர். நாளைக்கு ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூரு, ரெண்டு ஊருலயும் அம்புட்டு ஜெனரேட்டரும் ரிப்பேரு."