எச்சில் கேட்ட மீன் ஆய்வுக்கூடம்

“…அதெல்லாம் இருக்கட்டும்லா, வலையில அள்ளி இதுல விட்டு எவ்வளவு நேரமாச்சு, அதச் சொல்லும்மா,” என்றாள் அக்கா.

மலேசியாவில், ஈப்போவில் ஓர் ஆய்வுக்கூடம். எங்கள் எதிரே நடுவில் கண்ணாடித் தடுப்பு வைத்த தொட்டி. ஒரு பக்கம் வரிமீன்கள் கூட்டமாக. மறுபக்கம் ஒற்றை மீன், மூலையில். ஆய்வு செய்யும் பெண் நம் தமிழ்ப் பிள்ளைதான், பொறுமையாக விளக்கினாள். நம்மை ஒட்டி உறவாட வைக்கும் ஹார்மோனுக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி ஒன்று மீனுக்கும் உண்டாம். அது வேலை செய்யாத இந்த ஒற்றை மீன், கூட்டத்தை நாடுமா என்று பார்க்கிறார்களாம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் எச்சிலிலும் அந்த ஹார்மோனை அளக்கிறார்களாம். அதற்காகத்தான் அக்கா மகளின் எச்சிலும் அக்காவின் கையெழுத்தும் வேண்டும்.

கையெழுத்து என்றாலே அக்காவுக்கு ஆகாது. பீடோர் பக்கத்துத் தோட்டத்தில் வேலை பார்த்தபோது, காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும் நேரம் கணக்கெழுதும் கிராணி நீட்டிய தாளில் எல்லாரோடும் அவளும் போட்டாள். வேலைக்கு வந்த கணக்கு என்று நினைப்பு. தோட்டத்து வீட்டைக் காலி செய்யச் சம்மதித்த தாள் அது.

மீன் விஷயத்திலோ அவளிடம் கதை விட முடியாது. அலங்கார மீன் பண்ணையில் மீனைப் பையில் போட்டுக் கட்டுகிறவள்.

“அஞ்சு நிமிஷம் விட்டுட்டுத்தான் பார்ப்போம்கா.”

“அஞ்சு நிமிஷமா! எங்க பண்ணையில பயம் தெளியவே பாதி நாளாகும். இது ஒதுங்கி நிக்கல, பயந்து நிக்குது. எம்மகளையும் இப்படித்தான் எழுதிக்குவீங்களா? பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்ப மாட்டா. ஆனா எம்மோட்டார் சத்தம் சந்து முனையில கேட்டாப் போதும், வாசலுக்கு ஓடி வந்துருவா. அத எந்த மீன் சொல்லும்?”

“ஹார்மோன் வேலை செய்யுற மத்த மீனையும் இதே வலையில அள்ளி, இதே அஞ்சு நிமிஷம்தான்கா விடுறோம். அதெல்லாம் தடுப்புக்கிட்ட போயிருது.”

அக்கா குனிந்து மூலையில் நின்ற மீனைப் பார்த்தாள். நம்பிவிட்டாள் என்று சொல்ல மாட்டேன். எனக்கே, கையெழுத்து வாங்கத்தான் இந்தப் பெண் இவ்வளவு இனிமையாகப் பேசுகிறாளோ என்று உறுத்தியது.

“சரி, எச்சில் கொடுத்தா எம்மகளுக்கு மருந்து வருமா?”

“இல்லக்கா. இப்போதைக்கு எதுவும் கிடையாது.”

“வலிக்குமா?”

அவள் பஞ்சுக் குச்சியை உறையோடு நீட்டினாள். அக்கா வாங்கி, பிரித்து, முகர்ந்து பார்த்தாள். பிறகு கைப்பையை என் மடியில் வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குச்சியை அந்தப் பெண்ணிடமே திருப்பிக் கொடுத்து, முதலில் தன் வாயைத் திறந்தாள்.