முதல் பத்திரிகை

என் அப்பாவுக்கு இரண்டு வகைத் தெய்வங்கள் இருந்தன. ஒன்று ஊருக்குச் சொல்லிக்கொள்ள, இன்னொன்று ஊருக்குச் சொல்லாமல் போய்வர.

சொல்லிக்கொண்டது சாமிஜியை. ஐம்பதுகளின் நடுவில் செங்கல்பட்டில் எங்கள் தெருவில் ஒரு பஜனை மண்டலி தொடங்கினார்கள். வடக்கே எங்கோ ஆசிரமம் வைத்திருந்த சாமிஜி ஒருவரின் படத்தை நடுவில் வைத்து சனிக்கிழமை சாயங்காலம் பாடுவார்கள். பாட்டு முடிந்ததும் தியானம். தியானம் முடிந்ததும் சுண்டல். அப்பா ரயில்வேயில் பார்சல் குமாஸ்தா. அதுவரை ஆடி மாதம் மாரியம்மன் கூழுக்குச் சொம்பு எடுத்துக்கொண்டு போனவர்தான். மண்டலியில் சேர்ந்த கொஞ்ச நாளில் ஜால்ராவுக்குப் பொறுப்பாளராகிவிட்டார். கறியை விட்டார், மீனை விட்டார், முட்டையைப் பற்றி மட்டும் கொஞ்ச நாள் யோசித்துவிட்டு அதையும் விட்டார். "எல்லாத் தெய்வமும் ஒண்ணுதாம்பா. இது வேற அது வேறன்னு பிரிச்சுப் பாக்கறதெல்லாம் அறியாமை" என்று பார்சல் எடுக்க வருகிறவர்களிடம்கூடச் சொல்வார். அவர்கள் பார்சல் வேண்டுமென்பதால் தலையாட்டுவார்கள்.

சொல்லாமல் போய்வந்தது பச்சையம்மனிடம். அவள்தான் எங்கள் குலதெய்வம். மகாபலிபுரத்துக்கு வடக்கே, திருவிடந்தைக்குப் போகும் மணல் பாதையில், ஒரு சவுக்குத் தோப்புக்குள் இருக்கிறாள். அம்மன் சுத்த சைவம். ஒரு பானை பொங்கலும் ரெண்டு முழம் பூவும் போதும். ஆனால் அவளுக்குக் காவலாக வெளியே கத்தியோடு உட்கார்ந்திருக்கும் வாழ்முனிக்குச் சேவல் வேண்டும். முனிக்கு அறுக்கும்போது அம்மன் கண்ணில் படக்கூடாதென்று சன்னிதியில் ஒரு திரையை இழுத்துவிடுவார்கள். சாமிஜிக்கு அப்படித் திரை போட வசதியில்லை. அதனால் வருஷத்துக்கு ஒரு முறை, ஆடியில், "கடல் காத்து ஒடம்புக்கு நல்லதுன்றாங்க" என்று மண்டலியில் சொல்லிவிட்டு அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு கிளம்புவார். அம்மா சேவலைக் கூடையில் வைத்துத் துண்டு போட்டு மூடிக்கொள்வாள். இந்த ஏற்பாட்டில் எங்கள் வீட்டில் யாருக்கும் மனக்குறை இருந்ததில்லை.

எனக்கு அப்போது ஹைஸ்கூலில் டிராயிங் மாஸ்டர் வேலை. பஜனைப் பக்கம் போகிற பழக்கம் இல்லை. மண்டலியில் ஆர்மோனியம் வாசிக்க திருக்கழுக்குன்றத்திலிருந்து பாத்திரக்கடைக்காரர் ஒருவர் பஸ் ஏறி வருவார். சில வாரங்களில் அவர் மனைவியும் மகளும் கூட வர ஆரம்பித்தார்கள். எனக்கும் பக்தி வந்தது.

அவளுக்குத் தாளம் சரியாக நிற்காது. எல்லோரும் ஒரு அடியைப் பாடி முடித்த பிறகு அவள் குரல் மட்டும் கொஞ்சம் மிச்சமிருக்கும். அப்பா ஜால்ராவை நிறுத்திவிட்டு ஒரு பார்வை பார்ப்பார். அந்த மிச்சத்தைக் கேட்கத்தான் நான் போனேன். தியானத்தில் கண்ணை மூடச் சொல்வார்கள், நான் மூடவில்லை. ஒரு சனிக்கிழமை பார்த்தால் அவளும் மூடவில்லை. அன்றைக்குச் சுண்டல் கொடுத்துக்கொண்டு வந்தவள் என் முன்னால் நின்று, "இன்னும் கீது, வோணுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லித் தொலைத்தேன். அந்த வாரம் முழுக்க என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு அவளை அவ்வளவு பிடித்திருந்தது. இதை வேறு எப்படிச் சொல்வது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

அதிர்ஷ்டம் பாருங்கள், ஜால்ராவும் ஆர்மோனியமும் தாங்களாகவே பேசி முடிவு செய்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை பெண் பார்க்கப் போனோம். எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேச உட்கார்ந்தால் முதல் கேள்வி, "உங்க குலதெய்வம் எது?" என்பதுதான். ஒரே குலதெய்வத்தைக் கும்பிடுகிற வகையறாக்கள் பங்காளிகள். பங்காளி வீட்டுப் பெண் தங்கை முறை, கட்டிக்கொள்ள முடியாது. பால்குடி மறந்த பிள்ளைக்கும் இது தெரியும். அம்மா கேட்பதற்கு வாயெடுத்தாள். அப்பா முந்திக்கொண்டார்.

"நமக்கெல்லாம் இன்னாத்துக்கு குலதெய்வம்? நமக்கு எல்லாமே சாமிஜிதான்."

"அதேதான் எங்க வூட்லயும்" என்று கைகூப்பினார் பாத்திரக்கடைக்காரர். இருவர் கண்ணிலும் தண்ணீர் நின்றது. தாம்பூலம் மாற்றிக்கொண்டார்கள்.

பத்திரிகை அடிக்கிற சமயத்தில் குலதெய்வப் பேச்சு வெளியே வர இன்னொரு வாய்ப்பு வந்தது. தலைப்பில் குலதெய்வத்தின் பெயரைப் போட்டு 'துணை' என்று அச்சடிப்பது வழக்கம். பச்சையம்மன் பெயர் இல்லாமல் தன் பிள்ளை கல்யாணப் பத்திரிகை வரக்கூடாதென்று அம்மா சொன்னாள். மண்டலிக்காரர்கள் கையில் போகிற பத்திரிகை, பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று அப்பா 'ஸ்ரீ குருவே துணை' என்று போட்டுவிட்டார். பெண் வீட்டுப் பத்திரிகையும் வந்து சேர்ந்தது. அதிலும் ஸ்ரீ குருவே துணை. அப்பா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா பத்திரிகைக் கட்டைத் தூக்கி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துவிட்டாள். "மொதல் பத்திரிகை அம்மனுக்கு வெச்சாத்தான் மத்த பத்திரிகை இந்த வூட்டத் தாண்டும்" என்றாள். அப்பா மண்டலியில் மறுபடியும் கடல் காற்றைப் பற்றிப் பேச வேண்டியதாயிற்று.

மகாபலிபுரம் வரைக்கும் பஸ். அங்கிருந்து கோவளத்துப் பாய் ஒருவரின் மாட்டுவண்டி. தோப்பு நெருங்கும்போது பாய் திரும்பிப் பார்த்து, "இன்னிக்கு அம்மனுக்கு நல்ல கிராக்கி. காத்தாலயே ஒரு குடும்பம் போயிகீது" என்றார். நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கோயில் வாசலில் பாத்திரக்கடைக்காரர் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி, கையில் கூடை, கூடையின் மேல் துண்டு. கொஞ்சம் தள்ளி அவள், மஞ்சள் தடவிய பத்திரிகையைத் தட்டில் வைத்துப் பிடித்திருந்தாள்.

அப்பா கழற்றிய செருப்பை மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

"இன்னா சம்பந்தி, இந்தப் பக்கம்?" என்றார் அப்பா.

"சும்மா... திருவிடந்தைப் பெருமாளச் சேவிக்கலாம்னு. நீங்க?"

"நாங்களும் பெருமாள்தான்."

பெருமாள் அங்கிருந்து இன்னும் நல்ல தூரம் வடக்கே இருக்கிறார். எங்கள் கூடைக்குள் இருந்த சேவல் கூவியது. அவர்கள் கூடை பதில் கொடுத்தது. இரண்டு பேரும் கடல் இருக்கும் திசையைப் பார்த்தார்கள். இரண்டு பேருக்குமே அந்த நிமிஷத்தில் இருந்த ஒரே கவலை, மற்றவர் மண்டலியில் போய்ச் சொல்லிவிடுவாரோ என்பதுதான். நானோ சனிக்கிழமைக்கு முன்னாலேயே அவளைப் பார்த்துவிட்ட சந்தோஷத்தில் இருந்தேன். அம்மாக்கள் இரண்டு பேர்தான் ஒருவர் கையில் இருந்த கூடையை ஒருவர் பார்த்து, அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்கள்.

பூசாரி வெளியே வந்தார். எங்களை எல்லாம் ஒன்றாகப் பார்த்ததும் அவருக்கு முகம் மலர்ந்தது.

"அட, பங்காளிங்க ரெண்டு பேரும் சேந்தே வந்துகீறீங்களா! நான் சின்னப் பையனா இருந்தப்போ ஒண்ணா வந்தது. அப்புறம் இவங்க ஆடியில வர்றது, அவங்க தையில வர்றது. நல்லதாப் போச்சு, ஒரே பானையில பொங்கிடலாம்" என்றார். பிறகு இரண்டு தட்டுகளையும் வாங்கி, பத்திரிகைகளை மாற்றி மாற்றிப் பார்த்தார். "ரெண்டு வூட்லயுமா கல்யாணம்?" என்று கேட்டார். அப்புறம் பெயர்களை எழுத்துக் கூட்டிப் படித்தார். இரண்டையும் தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டார்.

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் விடவில்லை. "எல்லாத் தெய்வமும் ஒண்ணுதானப்பா? நீங்கதானே சொல்வீங்க. அப்போ பச்சையம்மனும் மத்த சாமியும் ஒண்ணுதானே, இதுல இன்னா பங்காளி?" என்றேன்.

அப்பா சாதாரணமாக அவசரப்பட்டுப் பதில் சொல்ல மாட்டார். "ஒண்ணுதான். ஆனா மொறைன்னு ஒண்ணு கீதே" என்றார்.

"எல்லாத் தெய்வமும் ஒண்ணுன்னா ஒலகத்துல எல்லாரும் பங்காளி. யாரும் யாரையும் கட்டவே முடியாது."

"பெரியவங்க முன்னாடி விதண்டாவாதம் பேசாத" என்றார். ஆர்மோனியமும் அதை ஆமோதித்தது.

பூசாரி ஒரு வழி சொன்னார். அம்மன் தோளில் பூ வைத்துக் கேட்பது. வலப்பக்கம் விழுந்தால் உத்தரவு, இடப்பக்கம் விழுந்தால் இல்லை. எல்லோரும் சம்மதித்தோம். வெள்ளரளி ஒன்றை ஈரத்தோடு அம்மன் தோளில் வைத்தார். கடற்காற்று சன்னிதிக்குள் வந்து போய்க்கொண்டிருந்தது, விளக்கு ஆடியது, பூ மட்டும் அசையவில்லை. காத்திருந்தோம். அபிஷேக எண்ணெயில் ஒட்டிக்கொண்டதோ என்னவோ, கடைசி வரைக்கும் அது விழவே இல்லை. நான் என் வாழ்நாளில் ஒரு பூவிடம் அவ்வளவு மன்றாடியதில்லை. கடைசியில் பூசாரியே எடுத்து வைத்துவிட்டு, "அம்மா வாயத் தொறக்கல. நீங்களே பேசி முடிவு பண்ணிக்கங்க" என்றார்.

இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று அவர்கள் பேசி முடிவு பண்ணினார்கள். அதற்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

ஆனாலும் வந்தது வந்தாயிற்று, முனிக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் போக முடியாது. திரையை இழுத்தார்கள். இரண்டு சேவலும் முனிக்குப் போயின. பூசாரி சொன்னபடி ஒரே பானையில் பொங்கினார்கள். பிறகு தோப்பு நிழலில் வரிசையாக இலை போட்டார்கள். அப்பாவும் பாத்திரக்கடைக்காரரும் கறிப் பக்கம் பார்க்காமல் பொங்கலை மட்டும் சாப்பிட்டார்கள். இடம் கொஞ்சம்தான் இருந்தது. "தள்ளி ஒக்காரு, அவளுக்கு எடம் குடு" என்று அவளுடைய அம்மா என்னிடம் சொல்லி, அவளை என் பக்கத்தில் உட்கார வைத்தாள். காலையில் அப்படி உட்கார்ந்திருந்தால் ரகளையாகியிருக்கும். இப்போது யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவள் இலையைப் பார்த்துக்கொண்டே, "அந்தப் பூ வுழுந்திருக்கலாம்" என்றாள்.

"எந்தப் பக்கம்?"

"எந்தப் பக்கமாச்சும்" என்றாள்.

அதற்குப் பிறகு சாமிஜி மெட்ராஸுக்கு வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு இரண்டு அப்பாக்களும் போய் விஷயத்தைச் சொன்னார்கள். இது ஒன்றுதான் எனக்கு மிச்சமிருந்த நம்பிக்கை. சாமிஜி கண்ணை மூடிக் கேட்டாராம். ஆத்மாவுக்கு அண்ணன் தங்கை கிடையாது, ஆனால் இந்த மாதிரி விஷயங்களைப் பெரியவர்களைக் கேட்டுச் செய்யுங்கள் என்றாராம். அந்தப் பெரியவர்கள் இரண்டு பேரும் அவரை நமஸ்காரம் செய்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். மண்டலி வழக்கம்போல நடந்தது. நான் போவதை நிறுத்திக்கொண்டேன். அச்சடித்த பத்திரிகைகளின் பின்பக்கம் நல்ல வெள்ளை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் படம் போடக் கொடுத்தேன். குடம், மாங்காய், வாழைப்பழம் என்று நிறையப் போட்டார்கள்.

மறு வருஷம் அவளுக்கு வேறு இடத்தில் முடிவாயிற்று. மாப்பிள்ளை மதுராந்தகம் பக்கம், நிலபுலன் உள்ள குடும்பம். இந்த முறை குலதெய்வத்தை நாலு தடவை கேட்டுக்கொண்டார்களாம். பத்திரிகையின் தலைப்பில் பச்சையம்மன் துணை என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. சாமிஜி கீழே சின்னதாக இருந்தார்.

பத்திரிகை கொடுக்க வந்த பாத்திரக்கடைக்காரர் போகாமல் உட்கார்ந்திருந்தார். அம்மா கொடுத்த மோரைக் குடித்தார். பிறகு அப்பாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"அவளுக்குக் கூடப்பொறந்தவன் இல்ல. மணையில பொரி போட அண்ணன் மொறைக்கு ஆள் வோணும். மொறைன்னு பாத்தா நீதாம்பா."

"போவணும்பா. பங்காளி வூட்டுக் கல்யாணம்" என்றார் அப்பா. அம்மா மோர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. முடியாது என்று சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. ஆனால் அப்படிச் சொன்னால் என்ன காரணம் சொல்வது? அவளுக்கு நான் யார் என்று கேட்டால் அண்ணன் என்பதைத் தவிர ஊரில் யாரும் ஒப்புக்கொள்கிற பதில் என்னிடம் இல்லை. சரி என்றேன்.

கல்யாணம் திருக்கழுக்குன்றத்தில் நடந்தது. தாலி கட்டியானதும் என்னைக் கூப்பிட்டார்கள். அவள் இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினாள். அவள் கைக்குக் கீழே மாப்பிள்ளையின் கை இருந்தது. நான் முறத்திலிருந்து பொரியை அள்ளி அவள் கையில் போட்டேன். அதை அவர்கள் நெருப்பில் போட்டார்கள், சுற்றி வந்தார்கள், மறுபடியும் ஏந்தினாள், மறுபடியும் போட்டேன். பொரி கொஞ்சம் மணையில் சிந்தியது. "மச்சானுக்குப் பழக்கமில்ல" என்று மாப்பிள்ளை சிரித்தார். நல்ல மனுஷன்தான். பிறகு எனக்கு வேட்டியும் துண்டும் வைத்து மரியாதை செய்தார். வாங்கிக்கொண்டேன்.

சாயங்காலம் வழியனுப்ப எல்லோரும் வண்டிக்குப் பக்கத்தில் நின்றோம். அவள் அழவில்லை. அப்பா அம்மா காலில் விழுந்தாள், என் அப்பா அம்மா காலில் விழுந்தாள். வண்டியில் ஏறும் முன் என் பக்கம் திரும்பினாள். நிச்சயமாகியிருந்த காலத்திலும் சரி, அதற்கு முன்னாலும் சரி, அவள் என்னை எந்த முறை வைத்தும் கூப்பிட்டது கிடையாது.

"வரேண்ணா" என்றாள்.

"போய்ட்டு வாம்மா" என்றேன்.