அக்கா வாயைத் திறக்காத நாள்

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு மாசி மாதம், புங்குடுதீவின் மடத்துவெளிப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு வெளிநாட்டுப் பெண் மருத்துவர் வந்தார். கொழும்பிலிருந்து ஒரு மருத்துவரும், யாழ்ப்பாணத்துத் தாதி ஒருவரும் கூட வந்திருந்தார்கள். வெற்றிலை போடுகிறவர்களின் வாயைப் பார்க்கப் போகிறார்கள் என்று கிராம அதிகாரியான விதானையார் வீடு வீடாகச் சொல்லியிருந்தார். பக்கத்துத் தீவில், மண்கும்பானில் தோட்டம் செய்துகொண்டிருந்த நான் அக்காவை அழைத்துப் போவதற்காகவே அன்று புங்குடுதீவுக்குப் போனேன்.

வரிசையில் நின்ற ஒரு கிழவர் தாதியிடம் கேட்டார்.

"எங்கடை வாயைப் பாக்கவோ மிஸி, இவ்வளவு தூரம் கப்பலேறி வந்தவ? என்ரை மனிசி பக்கத்திலை இருந்தும் திரும்பிப் பாக்கிறேல்லை."

எல்லோரும் சிரித்தார்கள். தாதியும் சிரித்துவிட்டுச் சொன்னார்.

"அவவின்ரை நாட்டிலை வெத்திலை போடுறேல்லை அப்பு. கன்னத்துக்குள்ளை புற்று வாறதும் அங்கை குறைவு. இஞ்சையும் இந்தியாவிலையும் ஏன் கூட வருகுதெண்டு எல்லா நாட்டு டொக்டர்மாரும் சேந்து பாக்கினம்."

அக்கா சிரிக்கவில்லை. அவளுடைய இடக் கன்னத்தின் உட்புறத்தில் முதலில் வெள்ளையாகப் படர்ந்தது அப்போது புண்ணாகியிருந்தது. என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள். உறைப்புச் சாப்பிட ஏலாது. வலி கூடினால் புகையிலையை உருட்டிப் புண்ணின் மேலேயே வைத்து அடக்கிக்கொள்வாள். கொஞ்ச நேரத்தில் மரத்துவிடும். பல்வலிக்கு நாங்கள் எல்லோரும் செய்வதுதான். அதனால் எனக்கும் அது பிழையாகத் தெரியவில்லை.

அவளுடைய முறை வந்தது. தாதி கதிரையைக் காட்டினார். அக்கா உட்காரவில்லை.

"எனக்கு ஒண்டுமில்லை மிஸி. நல்லநாள் பெருநாளுக்குத்தான் போடுறனான்."

சொன்னபோதே அவளுடைய உதடு சிவந்திருந்தது. வெளிநாட்டு மருத்துவர் அதைப் பார்த்தார், ஆனால் வற்புறுத்தவில்லை. மடியில் வெற்றிலை, புகையிலை இருந்தால் கொஞ்சம் தரச் சொன்னார். அக்கா தாராளமாக எடுத்துக் கொடுத்தாள். அது என் தோட்டத்துப் புகையிலை. அவர் அதைச் சிறிய போத்தலில் போட்டு மூடினார்.

அக்காவுக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்ததும் எனக்கு விளங்கியது. அவளுடைய மகளுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையின் தாய் அவர். புற்று பரம்பரை நோய் என்று ஊரில் நம்பினார்கள். புற்று வந்த வீட்டில் பெண் எடுக்கமாட்டார்கள்.

திரும்பும் வழியில் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"காட்டியிருக்கலாம் அக்கா."

"நீ பேசாமல் வா தம்பி. பிள்ளையின்ரை கலியாணம் முடியட்டும். பிறகு நீ சொல்லுற இடத்துக்கு வாறன்."

நான் நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்கிறவன் அல்ல. அக்காவுக்கு முன்னாலும் அப்படித்தான்.

ஆவணியில் கலியாணம் நடந்தது. பந்தியில் எல்லோருக்கும் பரிமாறிய அக்கா, குசினிக்குள் வந்து கஞ்சித் தண்ணீர் குடித்தாள். சொன்னபடியே என்னோடு யாழ்ப்பாணம் வந்தாள். கழுத்திலும் கட்டி இறங்கிவிட்டது என்று அங்கிருந்து கொழும்புக்கு அனுப்பினார்கள். அங்கே புற்றைக் கருக்கக் கதிர் பாய்ச்சினார்கள்; கரண்ட் பிடிப்பது என்று ஊரில் சொல்வார்கள். பேச்சு நின்றது. தைப்பொங்கலுக்கு முன் போய்விட்டாள்.

அடுத்த வருடமும் அந்த மருத்துவர்கள் வந்தார்கள். புகையிலை கொடுத்த அம்மா எங்கே என்று கேட்டார்கள். அக்காவின் மகள் மாமியாரோடு வந்திருந்தாள். தாதி கேட்கக் கேட்க அழாமல் பதில் சொன்னாள்.

"ஓம் மிஸி. சின்ன வயசிலையே பழகினவ. படுக்கேக்கையும் கன்னத்துக்குள்ளை வைச்சிருப்பா. நோவு வந்தா இன்னும் கொஞ்சம் வைப்பா."

மாப்பிள்ளையின் தாய் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வெளியே போய் வாயிலிருந்ததைத் துப்பிக் கொப்பளித்துவிட்டு வந்து கதிரையில் உட்கார்ந்தார்.

"போன முறை நானும் காட்டேல்லை மிஸி. பொம்பிளை வீட்டுக்காரர் கலியாணத்தைக் குழப்பிப் போடுவினம் எண்டு பயந்தனான். இப்ப வடிவாப் பாருங்கோ."

வாயைத் திறந்தார். வெளிநாட்டு மருத்துவர் குனிந்து டோர்ச்சை அடித்தார். நெடுநேரம் அதை எடுக்கவில்லை.